பல்செட்டுக்கு அடியில் சிவப்பு, வலி மட்டும் இல்லை. விட்டுவிடலாமா?

மார்ச் 3, இரவு 9.10 | கேட்டவர்

வயது 78, மேல்தாடையில் முழு பல்செட், போட்டு 9 வருடம். செட் கழன்று விழுவதில்லை, வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. கழற்றிப் பார்த்தால் மட்டும் செட் மூடியிருந்த அண்ணம் முழுக்கச் சிவப்பு. செட்டின் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கேயே அளவெடுத்த மாதிரி சிவப்பும் முடிகிறது. பூஞ்சைக்கான ஜெல் தடவினால் இரண்டு வாரத்தில் போய்விடுகிறது, அடுத்த மாதமே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. வலிக்காத ஒன்றை எதற்குத் துரத்த வேண்டும், விட்டுவிடலாம் என்பது என் கட்சி. செட் இரவிலும் வாயில்தான். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மார்ச் 3, இரவு 10.25 | பல் டாக்டர்

மறுக்கிறேன். பல்செட் அழற்சி வந்த பெரும்பாலோருக்கு வலியே இருக்காது. வேறு எதற்கோ வாயைத் திறக்கச் சொல்லும்போதுதான் அது கண்ணில் படும். வலியை வைத்து இதை எடைபோட முடியாது.

ஓரத்தோடு சிவப்பு முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே இதன் அடையாளம். மேல் செட் அண்ணத்தில் காற்றுப் புகாமல் அப்பிக்கொண்டு நிற்கிறது. அப்படி நின்றால்தான் அது விழாது. ஆனால் எச்சிலும் உள்ளே போகாது. எச்சிலோடு வர வேண்டிய எதிர்ப்புப் புரதங்களும் லைசோசைம் என்ற கிருமிக்கொல்லி நொதியும் அந்த இடத்தை எட்டாது. கீழ் செட்டுக்கு அடியில் எச்சில் புகுந்து புறப்படுகிறது, அதனால் அங்கே இந்தச் சிவப்பு குறைவு.

இனி செட்டைப் பாருங்கள். வெளிப்பக்கம் வழவழவென்று பாலிஷ் போட்டிருக்கும். அண்ணத்தைத் தொடும் உள்பக்கத்துக்கு பாலிஷ் கிடையாது, போட்டால் அச்சு அழிந்து பொருத்தம் போய்விடும். அந்தச் சொரசொரப்பிலும் செட்டைச் செய்யும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கின் நுண்ணிய துளைகளிலும் கேண்டிடா பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து படலம் கட்டிக் குடியிருக்கின்றன. நீங்கள் தடவிய ஜெல் அண்ணத்தில் இருந்ததைக் குறைத்தது. செட்டில் இருந்தது அப்படியே இருக்கிறது. மறுபடி மாட்டும்போது அதே விதை அதே வயலில் விழுகிறது. மாதாமாதம் வருவதற்கு இதற்கு மேல் மர்மம் எதுவும் இல்லை.

1962-ல் நியூட்டன் என்பவர் இதை மூன்று வகையாகப் பிரித்தார். முதல் வகை ஊசிமுனைப் புள்ளிகளாகச் சிவப்பு. இரண்டாவது, உங்களுடையது மாதிரி, செட் மூடிய பரப்பு முழுக்கச் சிவப்பு. மூன்றாவதில் அண்ணத்தின் நடுவே சதை சின்னச் சின்னப் பரு மாதிரி தடித்துவிடும். முதல் இரண்டும் நன்றாகத் திரும்பும். மூன்றாவதற்குப் போய்விட்டால் சிவப்பு போகும், பரு முழுசாகப் போகாது. வலிக்கும்வரை காத்திருப்பதில் எனக்குள்ள ஆட்சேபம் இதுதான்.

மார்ச் 4, காலை 7.05 | கேட்டவர்

சரி, செட்டிலேயே படிந்திருக்கிறது என்கிறீர்கள். தினமும் பேஸ்ட் போட்டுத் தேய்க்கிறோமே?

மார்ச் 4, காலை 8.40 | லேப்காரர் (பல்செட் செய்பவர்)

அங்கேதான் கோளாறு. பேஸ்ட்டில் இருக்கும் உரசும் பொடி பல் எனாமலுக்கானது. அக்ரிலிக் அதைவிட ரொம்ப மெத்து. தினமும் பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் செட்டில் கீறல் விழும், கீறலில் படலம் இன்னும் வசதியாக உட்காரும். வாசனை இல்லாத சாதாரண சோப்பும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். பிரஷ்ஷின் பெரிய முனை வெளிப்பக்கத்துக்கு, உள்பக்க வளைவுக்குச் சின்ன முனை. பல்செட்டுக்கென்று விற்கும் பிரஷ்ஷில் இரண்டு முனையும் இருக்கும்.

தேய்க்கும்போது கீழே பேசினில் பாதி தண்ணீர் நிரப்பி வையுங்கள், இல்லையென்றால் துவாலையை மடித்துப் போடுங்கள். வந்து சேரும் உடைந்த கீழ் செட்டுகளில் முக்கால்வாசி கை வழுக்கி வாஷ்பேசினில் விழுந்தவைதான். நடுவில் சரியாக இரண்டாகப் பிளந்து வரும். இன்னொன்று: கீழ் செட்டை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துத் தேய்த்தாலும் நடுவில் முறியும். ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது அந்தப் பக்கத்தையே பிடியுங்கள்.

மார்ச் 4, பகல் 1.15 | பல் டாக்டர்

தேய்த்த இடம் சுத்தமாகிவிட்டதா என்று கண்ணால் தெரியாது. இதைச் செய்து பாருங்கள்: பல்லில் படிந்த அழுக்கைக் காட்டும் சாயம் கிடைக்கும், இல்லையென்றால் உணவில் சேர்க்கும் சாயம் சில சொட்டு. பஞ்சில் தொட்டு செட்டின் உள்பக்கம் முழுக்கத் தடவி, அரை நிமிடம் விட்டு, தண்ணீரில் அலசுங்கள். சுத்தமான அக்ரிலிக்கில் சாயம் நிற்காது. படலம் இருக்கும் இடத்தில் திட்டாக நிற்கும். பெரும்பாலும் முன்பற்களுக்குப் பின்னால் இருக்கும் சுருக்கங்களிலும், இரண்டு பக்கக் கோடியில் ஈறு மேடு அமரும் பள்ளத்திலும் நிற்கும். எந்த இடத்தில் பிரஷ் எட்டவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

தேய்ப்பது முதல் பாதி. ஊறவைப்பது இரண்டாம் பாதி. படலம் கட்டிய செட்டுக்கு 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடம். வீட்டு ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. 10 நிமிடத்துக்கு மேல் கூடாது, அமெரிக்கப் பல்செட் நிபுணர்களின் 2011 வழிகாட்டியும் அந்த வரம்பைத்தான் வைக்கிறது. பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, இரவு முழுக்கச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

மார்ச் 4, மாலை 6.30 | மருந்தாளுநர்

ஒன்றுக்கு ஒன்பது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள் டாக்டர். அது 5 சதவீத பாட்டிலுக்கான கணக்கு: 20 மில்லி ப்ளீச், 180 மில்லி தண்ணீர். பாட்டிலில் 3 சதவீதம் என்றிருந்தால் 20 மில்லிக்கு 100 மில்லி தண்ணீர். லேபிளைப் படித்துவிட்டுக் கலக்க வேண்டும். திறந்து பல மாதமான பாட்டிலில் வீரியம் குறைந்திருக்கும். வாசனையும் கெட்டியாக்கும் பொருளும் சேர்த்த தரை ப்ளீச் வேண்டவே வேண்டாம்.

செட்டில் கல் மாதிரி காரை படிந்திருந்தால் வினிகரில் ஊறவைக்கச் சொல்வார்கள், சரிதான். ஆனால் ப்ளீச்சும் வினிகரும் ஒரே கிண்ணத்தில் சந்திக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். ஒரு நாள் ஒன்று, இன்னொரு நாள் இன்னொன்று, நடுவில் கிண்ணத்தையும் கழுவ வேண்டும்.

மார்ச் 4, இரவு 8.00 | லேப்காரர்

என் பங்குக்கு ஒரு திருத்தம். கோபால்ட்-குரோமியம் உலோகச் சட்டம் உள்ள செட்டுக்கு ப்ளீச் ஆகாது, உலோகம் கறுத்து அரிக்கும். உள்பக்கம் மெத்தென்ற லைனர் ஒட்டிய செட்டுக்கும் ஆகாது. கேட்டவருடையது முழு அக்ரிலிக் என்றால் பிரச்சினை இல்லை.

மார்ச் 4, இரவு 8.20 | பல் டாக்டர்

இரண்டு திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். அவசரத்தில் எழுதினால் இப்படித்தான்.

மார்ச் 5, காலை 6.50 | கேட்டவர்

கொதிக்கிற தண்ணீரில் போட்டால் எல்லாக் கிருமியும் ஒரே அடியில் செத்துவிடாதா? மைக்ரோவேவில் வைக்கலாம் என்றும் எங்கோ படித்தேன்.

மார்ச் 5, காலை 9.10 | லேப்காரர்

கிருமி சாகும், செட்டும் சாகும். அக்ரிலிக் இளகத் தொடங்கும் வெப்பமும் தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் கிட்டத்தட்டப் பக்கத்துப் பக்கத்து வீடு. உள்ளே இறுகியிருக்கும் இழுவிசை அவிழ்ந்து செட் கோணிவிடும். கண்ணுக்குத் தெரியாத கோணல், ஆனால் அண்ணத்துக்குத் தெரியும். மைக்ரோவேவ் ஆராய்ச்சியில் 650 வாட்டில் 3 நிமிடம், செட்டைத் தண்ணீரில் மூழ்க வைத்துச் செய்தார்கள், பூஞ்சை செத்தது உண்மை. வீட்டு அடுப்பு எத்தனை வாட், எந்த மூலையில் சூடு கூடும் என்று எவருக்குத் தெரியும்? உலோகம் இருந்தால் பொறி பறக்கும். வீட்டில் வேண்டாம்.

உலர விடுவதும் தப்பு. அக்ரிலிக் தண்ணீரை உறிஞ்சி ஒரு அளவில் நிலைத்திருக்கும். காயவிட்டால் சுருங்கும், ஊறினால் மறுபடி உப்பும். தினமும் சுருங்கி உப்பி வந்தால் பொருத்தம் தளரும்.

மார்ச் 6, இரவு 11.30 | பல் டாக்டர்

இரவு விஷயத்துக்கு வருகிறேன், கேள்வியில் பாதி அதில்தான் இருக்கிறது. செட்டைத் தாங்குவது மெல்லிய சளிச்சவ்வு. செட் அழுத்தி அழுத்தி எடுத்த இடத்துக்கு ரத்த ஓட்டம் திரும்பவும் எச்சில் படவும் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். தூக்கத்தில் எச்சில் சுரப்பு ஏறக்குறைய நின்றே போகிறது, பூஞ்சைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

வாயோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. ஜப்பானில் 85 வயது தாண்டிய 524 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2015-ல் வெளியானது. செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். படலத்தில் இருக்கும் கிருமி தூக்கத்தில் எச்சிலோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது என்பதே விளக்கம். செட் போட்டது காரணமா, செட்டைக் கழற்றக்கூட முடியாத பலவீனம் காரணமா என்று அந்த ஆய்வால் முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கழற்றுவதில் இழப்பு ஒன்றும் இல்லையே.

மார்ச் 7, காலை 5.45 | வார்டு நர்ஸ்

இழப்பே இல்லை என்று சொல்ல முடியாது டாக்டர். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் உள்ள சிலருக்கு, செட்டைக் கழற்றினால் தாடை உள்வாங்கிக் குறட்டையும் அடைப்பும் கூடுகிறது. சிலருக்குக் கூடுவதில்லை. கீழே நாலைந்து சொந்தப் பற்கள் மட்டும் இருந்து மேலே முழு செட் போட்டவர்களும் கழற்றிப் படுத்தால் அந்தப் பற்கள் வெற்று ஈறில் குத்தும்.

மார்ச் 7, காலை 8.15 | பல் டாக்டர்

சரி, ஒப்புக்கொள்கிறேன். மூச்சடைப்பு பற்றிய ஆய்வுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. அப்படிப்பட்டவர்கள் தூக்க மருத்துவரைக் கேட்டுவிட்டு, ஓய்வு நேரத்தைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். குளிக்கும்போது, பேப்பர் படிக்கும்போது, மதியம் தனியாக இருக்கும்போது என்று துண்டு துண்டாகச் சேர்த்தாலும் 6 மணி நேரம் வரும். செட் இல்லாமல் யார் கண்ணிலும் பட மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் இதையே சொல்லிப் பாருங்கள். அடம் நியாயமானதுதான், அதோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது.

மார்ச் 7, பகல் 12.00 | மருந்தாளுநர்

ஜெல் என்று கேட்டவர் சொன்னது மைக்கோனசோல் என்று நினைக்கிறேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் தானாக வாங்கித் தடவக் கூடாது. வாயில் தடவுவதுதானே என்று நினைப்பார்கள். உடம்பில் இறங்கி வார்ஃபரின் சிதைவதைத் தடுத்து ஐஎன்ஆரை (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏற்றிவிடும், ரத்தக்கசிவு வரை போகும். பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கும் அதே எச்சரிக்கை. அதோடு சிம்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரையும் சில சர்க்கரை மாத்திரைகளும் சேர்ந்தால் அவற்றின் அளவு ரத்தத்தில் எகிறும். சாப்பிடும் மருந்துப் பட்டியலை எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நிஸ்டாடின் சொட்டு மருந்து உடம்பில் ஏறாது, அந்த வகையில் பத்திரம். மில்லிக்கு 1 லட்சம் யூனிட் உள்ளதில் பெரியவர்களுக்கு வழக்கமாக 4 முதல் 6 மில்லி, நாளைக்கு 4 தடவை. செட்டைக் கழற்றிவிட்டு, வாயில் வைத்துப் பொறுமையாகச் சுழற்ற வேண்டும். செட்டை மாட்டிக்கொண்டு கொப்பளித்தால் மருந்து போக வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போகும். இன்னொரு பொறி: குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பும் நிஸ்டாடினும் ஒன்றையொன்று முடக்கும். இரண்டும் எழுதியிருந்தால் நடுவில் அரை மணி நேரமாவது விடுங்கள்.

மார்ச் 7, பகல் 12.40 | கேட்டவர்

வார்ஃபரின் இல்லை. ஆஸ்துமா பஃப் இருக்கிறது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 11 வருடமாக. சம்பந்தம் உண்டா?

மார்ச் 7, மாலை 4.20 | பல் டாக்டர்

இரண்டுக்கும் உண்டு. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், என் பிழை.

பஃப்பில் ஸ்டீராய்டு இருந்தால் ஒவ்வொரு தடவை உறிஞ்சிய பிறகும் செட்டைக் கழற்றி வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், செட்டையும் அலச வேண்டும். ஸ்பேசர் குழாய் வைத்து உறிஞ்சினால் வாயில் படிவது குறையும். அண்ணத்தில் படியும் ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பைத் தணிக்கிறது, பூஞ்சைக்கு வேறு என்ன வேண்டும்?

மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுத்தால் பி12 குறையலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும். பி12, இரும்பு, ஃபோலேட் குறைந்தால் நாக்கு வழுவழுவென்று ஆகும், கடைவாய் ஓரம் வெடிக்கும், சளிச்சவ்வு மெலியும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும். ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி), பி12, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு) மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

மார்ச் 8, காலை 10.00 | வார்டு நர்ஸ்

கடைவாய் ஓரம் வெடிப்பது என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அதைச் சத்துக்குறைவு என்று மட்டும் பார்த்துவிடுகிறார்கள். பழைய செட்டில் பற்கள் தேய்ந்து, ஈறும் கரைந்து, மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையிலான உயரம் குறைந்துவிடும். வாய் மூடும்போது உதட்டோரம் மடிந்து உள்ளே எச்சில் தேங்கி ஊறிக்கொண்டே இருக்கும். கண்ணாடி முன்னால் செட்டோடு வாயை மூடச் சொல்லுங்கள். மோவாய் மூக்கை நோக்கி ஏறி, உதடு உள்ளே போய், ஓரத்தில் ஈரமான மடிப்புக் கோடு தெரிந்தால் களிம்பு எத்தனை தடவினாலும் முழுசாக ஆறாது.

மார்ச் 8, காலை 10.45 | பல் டாக்டர்

சரியாகச் சொன்னீர்கள். அங்கே கேண்டிடாவோடு ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் கூட்டாளி. செட்டுக்கடியில் இருக்கும் பூஞ்சைதான் எச்சில் வழியாக ஓரத்துக்கு வருகிறது, ஆகையால் அண்ணத்தைப் பார்க்காமல் உதட்டோரத்துக்கு மட்டும் களிம்பு எழுதுவது அரைகுறை வைத்தியம்.

உயரம் குறைவது ஏன் என்று யாரோ தனிச்செய்தியில் கேட்டார்கள். பல் போன பிறகு தாடையெலும்பு கரைந்துகொண்டே இருக்கும். 25 வருடம் தொடர்ந்து அளந்து டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-ல் எழுதிய ஆய்வுப்படி கீழ்த்தாடை மேல்தாடையைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு கரைகிறது. கீழ் செட் ஆடுகிறது என்ற புகார் அதிகம் வருவதற்கு இதுவும் காரணம். ரொம்பக் கரைந்தால் மோவாய்ப் பக்கம் நரம்பு வெளிவரும் துளை ஈறு மேட்டின் உச்சிக்கே வந்துவிடும், கடிக்கும்போது மின்சாரம் தொட்ட மாதிரி சுரீர் என்கும். அந்த இடத்தில் புண் எதுவும் தெரியாது. அதைத் தேடிச் செட்டை ராவிக்கொண்டே போகக் கூடாது, அந்தப் புள்ளிக்கு மேல் மட்டும் உள்பக்கத்தில் இடைவெளி விட வேண்டும்.

மார்ச் 8, இரவு 7.30 | லேப்காரர்

கொஞ்சம் திசை மாறுகிறேன். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் மரப்பல் போட்டிருந்தார் என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மரம் கிடையவே கிடையாது. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், மாட்டுப் பல், ஈயம், ஸ்பிரிங். 1789-ல் பதவி ஏற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்று. அந்தச் செட்டை வைத்துக்கொண்டு சிரிக்கும் படம் வேண்டுமென்றால் எங்கே போவது?

மார்ச் 8, இரவு 7.55 | பல் டாக்டர்

அந்தக் காலத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அப்புறம் மேல் செட்டின் நடுவில் ரப்பர் வட்டு வைத்து அண்ணத்தோடு உறிஞ்சிப் பிடிக்க வைத்தார்களே, அது வருடக்கணக்கில் உறிஞ்சி அண்ணத்தையே ஓட்டை போட்டது. வாயிலிருந்து மூக்குக்கு நேர்வழி. பிடிப்பு வேண்டும் என்று இழுத்துக்கட்டினால் சளிச்சவ்வு விலை கொடுக்கிறது.

மார்ச் 9, காலை 7.20 | கேட்டவர்

பிடிப்பு என்றதும் ஞாபகம் வந்தது. ஒட்டும் க்ரீம் போடுவதுண்டு, நாளைக்கு மூன்று தடவை.

மார்ச் 9, காலை 9.30 | மருந்தாளுநர்

மூன்று தடவை என்றால் செட் பொருந்தவில்லை என்று அர்த்தம். நல்ல செட்டுக்கு, காய்ந்த சுத்தமான உள்பக்கத்தில் மேல் செட்டுக்குப் பட்டாணி அளவில் மூன்று புள்ளி, ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். ஓரம் தாண்டி வழிந்தால் அளவு அதிகம். துத்தநாகம் இல்லாத க்ரீமாகப் பாருங்கள். அளவுக்கு மீறி வருடக்கணக்கில் குழாய் குழாயாகப் பூசியவர்களுக்குத் துத்தநாகம் ஏறி, செம்பு இறங்கி, நரம்பு கெட்டு நடை தள்ளாடியதாக 2008-ல் கட்டுரை வெளிவந்தது. இரவு கழற்றும்போது பழைய க்ரீமை வெதுவெதுப்பான தண்ணீரும் காஸ் துணியும் வைத்து அண்ணத்திலிருந்தும் துடைத்து எடுங்கள். அந்தப் பசைக்குள்ளும் பூஞ்சை குடியிருக்கும்.

மார்ச் 9, பகல் 2.10 | பல் டாக்டர்

முதல் பதிவில் செட் நன்றாக நிற்கிறது என்றீர்கள், இப்போது மூன்று தடவை க்ரீம் என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து நிற்காது. 9 வருடச் செட் க்ரீமில் நிற்கிறது. க்ரீம் இல்லாமல் மாட்டி, முன்பற்களை விரலால் மெல்ல முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். பின்பக்க ஓரம் சட்டென்று விட்டால் அடைப்பு போய்விட்டது. ஆடுகிற செட் தேய்த்தே அழற்சி உண்டாக்கும், பூஞ்சை அதன் மேல் ஏறிக்கொள்ளும்.

என்ன செய்வார்கள் என்றால், முதலில் உள்பக்கத்தில் மெத்தென்ற திசுப் பதமூட்டி ஒன்றை ஊற்றி உட்கார வைப்பார்கள். அது சில நாள்களில் கெட்டியாகும், 3 நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் சொரசொரத்து நிலைமை முன்பைவிட மோசமாகும். அதைப் பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது, ஈரப்பஞ்சால் துடைத்தால் போதும். சிவப்பு வடிந்த பிறகுதான் புது அச்சு எடுத்து ரீலைன் (பழைய செட்டின் உள்பக்கத்துக்குப் புது அடுக்கு) செய்வதோ புது செட் செய்வதோ. வீங்கிய அண்ணத்தில் அச்சு எடுத்தால் வீக்கத்துக்கு அளவெடுத்த செட் கிடைக்கும், வீக்கம் வடிந்ததும் அது ஆடும்.

கடையில் விற்கும் வீட்டு ரீலைன் பொடியை வாங்கி நீங்களே ஊற்றிக்கொள்ள வேண்டாம். கடி மாறிவிடும், ஓரம் நீண்டுவிடும்.

மார்ச் 10, காலை 8.00 | லேப்காரர்

புது செட் போட்ட பிறகு வாய் எரிந்தால் பலரும் அலர்ஜி என்று முடிவு கட்டுகிறார்கள். அக்ரிலிக்குக்கு உண்மையான அலர்ஜி அபூர்வம். அக்ரிலிக்காக இறுகாமல் மிஞ்சிய மோனோமர் என்ற மூலப்பொருள் எரிச்சல் தருவதுண்டு. ஐஎஸ்ஓ 20795-1 என்ற சர்வதேசத் தரத்தில் சூட்டில் வெந்த அக்ரிலிக்குக்கு மிஞ்சலாம் என்று அனுமதிப்பது 2.2 சதவீதம், தானாக இறுகும் வகைக்கு 4.5. அவசரத்துக்கு வேக வைத்தது, தானாக இறுகும் பசையால் ரீலைன் செய்தது இரண்டிலும் மோனோமர் கூடும். 74 டிகிரியில் 8, 9 மணி நேரம் விட்டு வேக வைத்தால், அல்லது 74-ல் 2 மணி நேரமும் 100-ல் 1 மணி நேரமும் வைத்தால் நன்றாகக் குறையும். கொடுப்பதற்கு முன் ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் இன்னும் இறங்கும்.

மார்ச் 10, காலை 9.15 | பல் டாக்டர்

எரிச்சலுக்கு மோனோமரைவிடக் காய்ந்த வாய்தான் அடிக்கடி குற்றவாளி. ஓய்வில் எச்சில் நிமிடத்துக்கு 0.3, 0.4 மில்லி வரும், 0.1-க்குக் கீழே போனால் வறட்சி என்று கணக்கு. அளப்பது எளிது: 5 நிமிடம் விழுங்காமல், ஒரு கப்பில் எச்சில் தானாக வடிய விடுங்கள். அரை மில்லி சேரவில்லை என்றால் 0.1-க்குக் கீழே. சிறுநீர்ப்பை மாத்திரை ஆக்சிபியூட்டினின், பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள், தூக்கம் தரும் அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகள் எல்லாம் எச்சிலை வற்ற வைக்கும். வாய் வறண்டால் செட்டும் நிற்காது, எச்சில்தானே பசை.

மார்ச் 11, இரவு 9.00 | வார்டு நர்ஸ்

பராமரிப்பவர்களுக்கு மட்டும். கழற்றுவதில் கீழ் செட் முதலில், மாட்டுவதில் மேல் செட் முதலில். மேல் செட் வரவில்லை என்றால் பல்லைப் பிடித்து இழுக்காதீர்கள், கன்னத்தின் உள்பக்கமாக விரலைப் பின்னோக்கி விட்டு ஓரத்தைக் கீழே தள்ளினால் காற்றுப் புகுந்து விடும். கழற்றியதும் ஈரக் காஸ் துணியை விரலில் சுற்றி அண்ணம், ஈறு மேடு, நாக்கு எல்லாவற்றையும் துடையுங்கள், பல்லே இல்லாத வாய்க்கும் இது வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்குச் செயலிழந்த பக்கக் கன்னத்தில் சோற்றுப் பருக்கை தங்கும், அவர்களுக்குத் தெரியாது. நினைவு தடுமாறுபவர்கள் பக்கத்தில் செட்டைச் சுத்தம் செய்யும் நுரைக்கும் மாத்திரையை வைக்காதீர்கள், விழுங்கிவிடுவார்கள். அவற்றில் உள்ள பெர்சல்ஃபேட் சிலருக்கு ஒவ்வாது. செட்டைத் துடைத்தாளில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிட்டால் தட்டோடு குப்பைக்குப் போகும், மூடி உள்ள டப்பாவில் பெயர் எழுதிப் போடுங்கள்.

ஆபரேஷனுக்குக் கழற்றாமல் போவதும் விபரீதம். அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரியாது. பிரிட்டனில் ஒருவருக்கு ஆபரேஷனின்போது தொண்டைக்குள் போன பகுதி செட் 8 நாள் அங்கேயே கிடந்ததாக 2019-ல் கட்டுரை வெளிவந்தது.

மார்ச் 12, காலை 7.40 | பல் டாக்டர்

புது செட் போட்டால் புண் வருவது சகஜம், 24 முதல் 48 மணி நேரத்தில் ஒரு தடவை பார்க்கச் சொல்வோம். புண்ணென்று செட்டைக் கழற்றி வைத்துவிட்டு நாலு நாள் கழித்து வந்தால் எங்கே குத்தியது என்று தெரியாது. வருவதற்கு முன் சில மணி நேரமாவது மாட்டியிருங்கள். உள்பக்கம் வெள்ளைப் பசையைப் பிரஷ்ஷால் மெல்லிய கோடுகளாகத் தடவி மாட்டி அழுத்தினால், அழுத்தம் கூடின இடத்தில் கோடு அழிந்து அக்ரிலிக் எட்டிப் பார்க்கும். அந்த இடத்தை மட்டும் ராவி மறுபடி பாலிஷ். சரி செய்த புண் 10, 14 நாளில் ஆற வேண்டும்.

ஆறவில்லை என்றால் செட்டைக் குறை சொல்லிக்கொண்டே மாதம் ஓட்டக் கூடாது. இரண்டு வாரம் தாண்டிய புண், வழித்தால் வராத வெள்ளைத் திட்டு, காரணம் புரியாத சிவப்புத் திட்டு, தொட்டால் கெட்டியாக இருக்கும் ஓரம், இவையெல்லாம் பயாப்சிக்கு (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) போக வேண்டியவை. நாக்கின் பக்கவாட்டும் நாக்குக்கு அடியும் கட்டாயம் பாருங்கள். செட்டின் ஓரம் நீண்டு குத்திக்கொண்டே இருந்தால் ஓரத்தையொட்டி மடிப்பு மடிப்பாகச் சதை வளரும், அது பெரும்பாலும் சாதுவானது, ஓரத்தைக் குறைத்தால் சுருங்கும். சுருங்காததை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

எலும்பு தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் எடுப்பவர்களுக்குச் செட் உரசிய புண்ணிலிருந்தே தாடையெலும்பு வெளியே தெரிய ஆரம்பிக்கலாம். கீழ்த்தாடையின் நாக்குப் பக்க மேடு அதற்குப் பிடித்த இடம். 8 வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தால் அதற்குத் தனிப் பெயரும் தனி வைத்தியமும் உண்டு. அவர்கள் 8 வாரம் காத்திருக்க வேண்டாம், முதல் நாளே வரட்டும்.

ஏப்ரல் 2, இரவு 8.50 | கேட்டவர்

சாயம் தடவிப் பார்த்தோம். முன்பற்களுக்குப் பின்னால் உள்ள சுருக்கம் முழுக்க, இரண்டு கோடிப் பள்ளமும் நின்றது. டாக்டர் சொன்ன மாதிரியேதான். இரவில் கழற்றுவது, சோப்பு, 10 நிமிட ஊறல், பஃப்புக்குப் பிறகு கொப்பளிப்பு என்று மூன்று வாரம். ஜெல் இல்லாமலே சிவப்பு முக்கால்வாசி மங்கிவிட்டது. பி12 குறைவாக வந்தது, ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். விட்டுவிடலாம் என்ற என் கட்சியைக் கலைத்துவிடுகிறேன். ஒன்று மட்டும் பாக்கி: அண்ணத்தின் நடுவில் விரல்நகம் அளவு இடத்தில் மட்டும் சொரசொரவென்று மணல் ஒட்டிய மாதிரி இருக்கிறது, அது மாறவில்லை.

ஏப்ரல் 2, இரவு 10.05 | பல் டாக்டர்

செட்டின் உள்பக்கம் நடுவில், அதே இடத்துக்கு நேராக, ஆழமில்லாத குழி ஒன்று வெட்டியிருக்கிறதா பாருங்கள். பழைய செட்டுகளில் அழுத்தம் படாமலிருக்க அப்படி ஒரு அறை விடுவார்கள். அதன் எல்லைக்குள் சதை இறங்கிப் பரு கட்டும்.

ஏப்ரல் 3, காலை 6.30 | கேட்டவர்

இருக்கிறது. இதய வடிவில்.

ஏப்ரல் 3, காலை 7.15 | லேப்காரர்

இதய வடிவமா! அண்ணத்தின் மேல் அவ்வளவு பாசமாகச் செய்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 3, காலை 9.00 | பல் டாக்டர்

அப்படியென்றால் மூன்றாம் வகை அங்கே மட்டும் வந்துவிட்டது. பதமூட்டி வைக்கும்போது அந்தக் குழியையும் நிரப்பச் சொல்லுங்கள். சில வாரத்தில் வீக்கம் வடிந்து பரு தட்டையாகும், மணல் மாதிரித் தொடுவுணர்வு மிஞ்சினாலும் படலம் சேராமல் துடைத்து வந்தால் அதோடு இருந்துவிடலாம். உயரமாக நின்றால், ரீலைன் அச்சு எடுப்பதற்கு முன் சின்ன அறுவையில் சீவி எடுப்பார்கள். புது செட்டில் அந்த அறை வேண்டாம் என்று லேபுக்குப் போகும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.